அக்காவுக்காக எழுதிய இரண்டு கடிதங்கள்

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு லண்டனில், லூயிஷாம் ஆஸ்பத்திரியின் ஒரு சாய்வுக் கதிரையில் போய் விழுவேன். கையில் இரண்டு தடித்த ஊசிகளை ஏற்றுவார்கள். நான்கு மணி நேரம் என் இரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பி வரும். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு நான்கு வருடமாகிறது. டயாலிசிஸ் எப்படிப் போகிறது என்று கோயிலில் கேட்கிறவர்களுக்குப் பரவாயில்லை என்று சொல்லி வைப்பேன். பரவாயில்லையாம்! தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிற சீவியத்தில் என்ன பரவாயில்லை?

பக்கத்துக் கதிரைக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை விட ஆறு வயது மூத்தவர். கரீபியன் கடலில் மொன்செராட் என்று ஒரு சின்னஞ்சிறு தீவு இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்குள்ள சனம் முழுவதையும் கூட்டினாலும் எங்கள் ஊர்த் தேருக்கு வரும் கூட்டம் தேறாது. தீவு இன்றைக்கும் பிரித்தானியாவின் கீழ்தான். தேர்தல் வைத்துத் தங்களுக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்வார்கள். அவருக்கு மேலே லண்டனிலிருந்து ஒரு ஆளுநர் போய் இருப்பார். தொண்ணூறுகளில் அங்கே எரிமலை வெடித்தது. தலைநகரம் சாம்பலுக்குள் போய்விட்டது. தீவின் பாதிக்கு இப்போதும் யாரும் போகக்கூடாது. அவருடைய வீடு அந்தப் பாதியில் இருக்கிறது.

என் வீடும் போகக்கூடாத இடத்தில்தான் இருக்கிறது என்று நான் சொன்ன நாளில்தான் நாங்கள் கூட்டாளிகள் ஆனோம். இலங்கையில், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், பலாலிப் பக்கம், எங்களுடையது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஓடி வந்தோம். இராணுவம் முள்ளுக்கம்பி அடித்து உயர்பாதுகாப்பு வலயம் என்று பெயரும் வைத்தது. பிறகு அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கைக்கு முன்னாலேயே கம்பி நின்றுவிட்டது, வீடு இன்னும் உள்ளேதான். உங்கள் ஊரிலும் மலை வெடித்ததா என்று அவர் கேட்டார். மலையே இல்லை, சுதந்திரம்தான் கிடைத்தது என்றேன். அன்றிலிருந்து நான் உள்ளே வரும்போதெல்லாம் சுதந்திர நாட்டுக்காரர் வந்துவிட்டார் என்று தாதிமாருக்கு அறிவிப்பார்.

ஊசியோடு கிடக்கிறவனுக்கு நான்கு மணி நேரத்தில் வேறு என்ன வேலை? நாங்கள் இருவரும் தீவுகளை ஒப்பிட்டோம். அவருடைய ஊரில் கொஞ்சம் பெரிய வருத்தம் வந்து வைத்தியம் வேண்டுமென்றால் வேறு தீவுக்குப் பறக்க வேண்டும். ஒரு துறைமுகம் கட்டவும், ஒரு ஆஸ்பத்திரி கட்டவும் லண்டனில் யாரோ ஒரு பொடியன் தலையாட்ட வேண்டும். அவன் அந்தத் தீவை வரைபடத்தில்கூடத் தேடியிருக்க மாட்டான் என்று கொதிப்பார். உங்களுக்கு என்ன குறை, கொடி இருக்கிறது, ஜனாதிபதி இருக்கிறார், சொந்த இராணுவம் இருக்கிறது என்பார். அந்த இராணுவம்தான் எங்கள் குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டு இருக்கிறது என்பேன் நான். இலங்கையின் சுதந்திர தினத்தன்று, இங்குள்ள அதன் தூதரகத்துக்கு முன்னால், கறுப்புக் கொடி பிடித்துக்கொண்டு மழையில் நின்ற கதையைச் சொன்னபோது அவருக்கு விளங்கவேயில்லை. கொடி கிடைத்தும் இன்னொரு கொடி பிடிப்பார்களா என்று கேட்டார். மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். உடனே சரி என்றார், படுபாவி.

அந்தப் பகிடியெல்லாம் அவருடைய தங்கை வந்த நாளோடு நின்றுவிட்டது. அவருக்குச் சிறுநீரகம் கொடுக்கத் தங்கை முன்வந்தார். பரிசோதனையில் பொருந்தியது. பயணச்சீட்டை எடுத்தார், விமானத்தில் ஏறினார், வந்தார். அவ்வளவுதான். கடிதம் இல்லை, விண்ணப்பம் இல்லை, ஏன் வருகிறாய் என்ற கேள்வி இல்லை. அந்தத் தீவில் பிறந்தவர்களுக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அதே கடவுச்சீட்டை வாங்க நான் பதினொரு வருடம் வழக்குப் பேசினேன். தங்கை அண்ணனின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, உப்புப் போட்ட உருளைக்கிழங்குச் சீவலைத் தின்றதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் எனக்கும் ஒரு சிறுநீரகம் காத்திருந்தது. மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவுக்காரி கொடுக்க முடியாது. மகள் தருகிறேன் என்றாள். இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் வயிற்றைக் கிழிக்க விடமாட்டேன் என்று சத்தம் போட்டு அவளை அழ வைத்தேன். பொதுக் காத்திருப்புப் பட்டியலில் எங்கள் ஆட்களுக்குப் பொருத்தமானது கிடைப்பது அரிது. மிச்சம் அக்காதான். யாழ்ப்பாணத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை, கல்யாணம் கட்டாதவர், சுன்னாகத்தில் ஒரு உறவுக்காரரின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். கொழும்புக்கு இரண்டு தரம் போய்ப் பரிசோதனை செய்தார். எல்லாம் பொருந்தியது. இங்குள்ள ஆஸ்பத்திரியும் கடிதம் கொடுத்தது. எனக்கு ஒண்டு காணும், மற்றதை நீ எடு என்று அக்கா வாழைக்குலையில் சீப்பு வெட்டித் தருகிறவர் மாதிரிச் சொன்னார்.

கொழும்பில் போய்ச் செய்திருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். டொக்டரும் விரும்பவில்லை, ஆனால் உண்மையைச் சொன்னால் நான்தான் மாட்டேன் என்றேன். அந்த நாட்டில் மயக்க மருந்து வாங்கிக்கொண்டு கண்ணை மூடிப் படுக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. வீம்பு என்றால் வீம்பு.

விசா விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தை நானே எழுதினேன். வக்கீல் எதற்கு? இருபது வருடத்துக்கு மேலாக லூயிஷாமில் எங்கள் ஆட்களுக்கு அகதி வழக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். கோயிலின் பின்மண்டபத்தில் இருந்து எழுதிய கடிதங்களால் எத்தனையோ பேருக்கு விசா விழுந்திருக்கிறது. அந்தக் கையால்தான் அக்காவுக்கும் எழுதினேன். முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் காணி இராணுவத்திடம் இருக்கிறது என்று எழுதினேன். எங்கள் செம்மண்ணில் சிப்பாய்கள் வெங்காயம் வைக்கிறார்கள், அக்கா கம்பிக்கு வெளியே நின்று எங்கள் கூரையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வருகிறார், அவருக்கு அந்த நாட்டில் நீதியும் இல்லை நிற்க ஓர் இடமும் இல்லை என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இஞ்சேருங்கோ, நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா அவ வந்திட்டுத் திரும்பிப் போறதுக்கெல்லோ விசா கேக்கிறம்?"

உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வேலை இல்லை, இருக்கிற காணியிலும் காலடி வைக்க முடியாது. அந்த நாட்டில் தனக்கு இடமில்லை என்று விண்ணப்பத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே சத்திரசிகிச்சை முடிந்ததும் இவர் திரும்பிப் போவார் என்று நம்பக் காரணம் இல்லை. மறுக்கப்படுகிறது. என் வசனங்களையே எடுத்து எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். மனைவி அந்தத் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சோறு போடப் போனாள். ஒரு சொல் சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அந்தத் தாளைப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கொடுத்தேன். ஊசி போடாத கையால் பிடித்து வாசித்தவர் சிரித்தார், சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். இவர்களிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாயே என்றார். நாங்கள் எத்தனையோ தலைமுறையாக இவர்களுக்குக் கீழே இருக்கிறோம், என்ன சொன்னால் தலையாட்டுவார்கள் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், நீங்கள் சுதந்திரம் வாங்கி எல்லாவற்றையும் மறந்துவிட்டீர்கள் என்றார். பிறகு இரண்டாம் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று அவரே சொல்லித் தந்தார். முறைப்பாடு ஒன்றும் இருக்கக்கூடாது. நாடு அருமையான நாடு. அக்காவின் வாழ்க்கை நிறைந்த வாழ்க்கை. ஒரு மாதம்கூட அவரால் அதை விட்டு இருக்க முடியாது.

அப்படியே எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே எழுதினேன். அமைதி திரும்பிய நாடு என்றேன். அக்கா மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார் என்றேன், அது மெய். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை இணைத்து, அந்தக் காணியில் அவர் வெங்காயம் வைக்கிறார், அறுவடைக்கு முன் திரும்பியாக வேண்டும் என்றேன். வெங்காயத்தை நான் புதிதாக உண்டாக்கவில்லை. முதல் கடிதத்தில் சிப்பாய்கள் நின்ற இடத்தில் அக்காவைக் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். எந்த நாட்டுக்கு எதிராக மழையில் நின்றேனோ அந்த நாட்டைப் புகழ்ந்து இரண்டு பக்கம். அக்கா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். நீ எழுதினால் சரியாய்த்தான் இருக்கும் என்றார்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் பக்கத்துக் கதிரைக்காரருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அண்ணனும் தங்கையும் நலம். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தாதிமாருக்குக் கேக் கொண்டுவந்தார். முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. நின்றபடி ஒரு பெரிய கோப்பைத் தேநீரை, முழுவதையும், என் முன்னால் குடித்தார். உனக்கும் வரும் என்று என் தோளைத் தட்டினார். அவருடைய கதிரையில் அப்போது இன்னொருவர் படுத்திருந்தார். கேக் ஒரு துண்டு எடுத்தேன், தின்ன மனம் வரவில்லை.

பதில் அடுத்த வாரம் அக்காவின் மின்னஞ்சலுக்கு வந்தது. அக்கா அதைத் திறக்காமலே எனக்கு அனுப்பி, தமிழில் சொல்லு என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். முந்தைய விண்ணப்பத்தில் காணிக்குள் கால் வைக்கவே முடியாது என்று சொல்லப்பட்டது. இந்த விண்ணப்பத்தில் அதே காணியில் பயிர் செய்வதாகச் சொல்லப்படுகிறது. இது தெரிந்தே சொன்ன பொய். மறுக்கப்படுகிறது. பொய் சொன்னதால் பத்து வருடத்துக்கு இனி எந்த விண்ணப்பமும் ஏற்கப்படாது.

பத்து வருடம். அது முடியும்போது அக்காவுக்கு அறுபத்தொன்பது வயதாகும். எனக்கு அப்போது வயது என்று ஒன்று இருக்குமோ தெரியாது. இந்தக் கதிரையில் பத்து வருடம் தாக்குப்பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பொய் சொல்லத் தெரியாத அக்காவின் பெயரில், அவர் வாசிக்காத ஒரு கடிதத்துக்காக, பொய்க்காரி என்று எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியவன் நான். சொல்லித் தந்தவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அவர்மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. அவர் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். முதல் கடிதத்தை எழுதச் சொன்னது என் வாய்க்கொழுப்பு. அக்காவைக் கூப்பிடுவதற்காக எழுதினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், எங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது என்று யாரோ ஒரு அதிகாரி வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன்.

அன்று மாலையே வீடியோவில் அழைத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கடிதத்தில எதைத் தம்பி பொய் எண்டு சொல்லினம்?"

"ரெண்டாவதை, அக்கா."

"அப்ப காணியை ஆமி பிடிச்சு வைச்சிருக்கு, எனக்கு இஞ்ச ஒண்டுமில்லை எண்டு நீ முதல் எழுதினனி?"

"அது மெய்யெண்டு நம்பியிருக்கினம்."

அக்கா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நம்பிப்போட்டுத்தான் என்னை வர விடேல்லையா?"