பரணில் இருந்த ஊறுகாய் ஜாடி

அரியலூரில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு டீச்சர் தனியாக இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அவருடைய மகள் வந்து சாமான்களை எடுத்துப் போயிருந்தாள்.

கணவர் சிமெண்ட் ஆலைக்குப் போனபின் நான் மட்டும்தான். இரண்டாம் நாள் மதியம் சமையலறையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பீங்கானைப் பீங்கானில் மெல்ல வைத்தது போல. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. மறுநாள் வெயில் ஏறியதும் அதே சத்தம், இரண்டு தடவை. எலி என்றார் கணவர். எலி ஓடும், கடிக்கும். இப்படி நின்று நிதானித்துத் தட்டாது.

ஐந்தாம் நாள் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். மூலையில், பழைய செய்தித்தாளுக்குப் பின்னால், ஒரு பீங்கான் ஜாடி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வாயை மூடியிருந்த பீங்கான் தட்டு நூலளவு எழும்பியது. உஸ்ஸென்று காற்று வந்தது. தட்டு மறுபடி உட்கார்ந்தது. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் மைக்ரோபயாலஜி சொல்லித்தரும் என் தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்து ஜாடியை இறக்கினாள். உப்பில் போட்ட எலுமிச்சை. மேலே குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன.

“இவ்வளவு புளிப்புல மத்த கிருமியெல்லாம் செத்துடும்க்கா. இந்தக் குமிழி விடுற கிருமிங்க மட்டும் தன் உடம்புக்குள்ள வர்ற புளிப்பை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். தள்ளுறத நிறுத்துனா அதுங்களும் காலி. அதுங்க விடுற காத்துதான் தட்டைத் தூக்குது.”

காரணம் தெரிந்தபின் பயம் போயிருக்க வேண்டும். போட்டவர் போய்விட்டார், ஜாடிக்குள் ஒரு கூட்டம் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என்னை வாட்டியது.

வீட்டுக்காரம்மாவிடம் நம்பர் வாங்கி டீச்சரின் மகளுக்குப் போன் செய்தோம். மறுநாளே வந்தாள். தட்டைத் திறக்கவில்லை, குனிந்து காதை வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலைல போட்டதுங்க,” என்றாள். “எனக்கு வேணாங்க. நீங்களே எங்கயாவது ஊத்திடுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையை வரச்சொல்லி, கொல்லையில் கிணறு தோண்டியபோது குவித்த வெள்ளைக் கல் மேட்டில் கவிழ்த்தோம். இந்த ஊர் மண்ணுக்கு அடியெல்லாம் சுண்ணாம்புக்கல். சாறு பட்ட இடமெல்லாம் சீறி நுரைத்தது.

“அதுங்கல்லாம் செத்துடுச்சா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. புளிப்பைத்தான் கல்லு தின்னுது. புளிப்பு இருந்த வரைக்கும் வேற எதுவும் கிட்ட வரல. இனிமே மண்ணுல இருக்கறதெல்லாம் வந்து இதுங்களைத் தின்னுடும்.”

“எப்ப?”

“ஆரம்பிச்சிருக்கும்.”

நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். ஓரடி பின்னால் நகர்ந்தேன்.