இஞ்சி சோடாவும் குழந்தை பனியன்களும்

எங்கள் வீட்டு மாடியில் குழந்தை பனியன்களை அயர்ன் செய்து, பேக்கிங் செய்து கம்பெனிக்குக் கொடுக்கிறோம். போன மார்கழியில், வீடியோ பார்த்து இஞ்சி சோடா போட்டேன். புளித்த இஞ்சித் தண்ணீரைச் சர்க்கரையோடு பாட்டிலில் மூடி வைத்தால் தானாகவே காஸ் ஏறும். குளிரில் ஏறவில்லை. பொறுமையில்லாமல் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டேன். கண்ணாடி பாட்டிலை இறுக மூடி, பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, சூடாக இருக்கட்டும் என்று அயர்ன் டேபிள் ஓரமாக வைத்தேன்.

மதியம் எல்லோரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாடியில் வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அயர்ன் செய்யும் முருகன் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பின்னால், சுவரில் ஒரு சில்லு குத்தி நின்றது. மடித்து அடுக்கிய பனியன்கள் மேலெல்லாம் கண்ணாடித் தூள்.

“யக்கா, நல்லா உதறிட்டு, கம்பெனி நீடில் டிடெக்டர்ல விட்டுப் பாத்திருவோமா?” என்றான் முருகன். துணியில் உடைந்த ஊசி இருந்தால் கத்தும் மெஷின் அது.

“அது இரும்புக்குத்தானுங்க தம்பி கத்தும். கண்ணாடிக்குக் கத்தாதுங்க” என்றேன். சொன்ன பிறகுதான், உதறுவதற்காக எடுத்திருந்த பனியனை அப்படியே கீழே வைத்தேன்.

நடந்ததைக் கம்பெனியில் சொல்லி, அடுக்கு முழுவதையும் வேஸ்ட்டில் போட்டோம். சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தேன். பாட்டில் வாயோரத்துத் துண்டு ஒன்று மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது பிளாஸ்டிக் பாட்டில்தான். சர்க்கரையை அளந்து ஒரே முறைதான் போடுகிறேன். தினமும் அமுக்கிப் பார்த்து, கல்லாக இறுகியதும் கொஞ்சம் காஸைத் திறந்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

ஆனால் புது பனியன் போட்ட குழந்தையை யார் என்னிடம் கொடுத்தாலும், கொஞ்சுவதற்கு முன்னால் என் கை பனியனுக்குள் போய் முதுகைத் தடவிப் பார்த்துவிடுகிறது.