ஆனைக்கல் தோட்டத்தில் செத்தவர் செத்தவர்தான்

என் முறை வரும் வாரம் பார்த்துத்தான் சவரிமுத்து போவார் என்று முன்பே சொல்லியிருந்தேன். யாரும் நம்பவில்லை. ஈஜோக் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் மகள் அழைத்தாள். "பெரியப்பா, அப்பா போயிட்டாரு." மீன்காரனிடம், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஆனைக்கல் தோட்டம் சிலாங்கூரில் எங்கும் கிடையாது. சவரி உட்பட நாங்கள் நால்வர் வாரம் ஒருவராக எழுதும் தொடர்கதையில்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் என் வாரம் வந்தால் சுங்கை பெசாரில் பஸ் ஓட்டுநர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் படிப்பார். மற்ற மூவருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் காளிமுத்து நான் படைத்தவர். உள்ளே இருந்தது என் அப்பா. ரப்பர் பால் வெட்டி, கணக்கெழுதும் கிராணிக்கு முன் தலை நிமிராமலே போய்ச் சேர்ந்த மனிதரைக் கதையில் துரையையே மிரட்ட வைத்தேன். ஒரு வாரம் சவரி அவரை வெள்ளத்தில் கொன்றுவிட்டார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "எங்கப்பாவ கொல்ல உனக்கு யாருடா உரிமை குடுத்தா?"

"உங்கப்பாவ கொல்லல அண்ணே, மண்டோரத்தான் கொன்னேன். வாரா வாரம் அவரே ஜெயிச்சா மத்தவன்லாம் எங்க லா நிக்கிறது?"

நான் விடுவேனா? என் முறையில் மண்டோர் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தார். உடனே சவரியிடமிருந்து போன்.

"செத்தவரு எப்படிண்ணே தே தாரிக் குடிக்கிறாரு?"

"ஒடம்பு கெடைச்சத யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன். பொதைச்சு, மேல செம்பருத்தி நட்டதுகூட எழுதியிருக்கேன். படிக்காமலா எழுதுனீங்க?"

படிக்கவில்லை. என் எழுத்தைத் தவிர வேறெதையும் படிக்கும் வழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

"எழுதினத அழிக்கக் கூடாதுண்ணே. எழுதாம விட்ட எடம் எவ்ளோ கெடக்கு, அங்க போய் ஆடுங்க." இதைச் சொன்ன கையோடு, அட்மின் என்ற உரிமையில் குழுவிலிருந்து என் அத்தியாயத்தையே அழித்தார். அந்தக் கசப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள்கூட என் எழுத்தை நல்லா இருக்கு என்று அவர் சொன்னதில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நான் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் சவரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்டோர எழுப்பிக்கோங்கண்ணே" என்றார், பக்கத்தில் நின்ற தாதிகூட அழுதுவிட்டாள் என்றேன். பலர் கண்ணைத் துடைத்தீர்கள். இனி மண்டோர் வரலாம் என்று நீங்களே குழுவில் எழுதினீர்கள்.

இந்த வாரம் என் முறை. பழைய அத்தியாயங்களை முதலிலிருந்து படித்தேன். அந்தச் செம்பருத்திக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று சவரி எங்கும் எழுதவில்லை. மண்டோரின் மகன் ஊற்றுகிறான் என்று எழுதப்போகிறேன். சவரி எனக்கென்று விட்டுப்போனது அவ்வளவு இடம்தான்.

கையைப் பிடித்தது உண்மை. எழுப்பிக்கோங்க என்றது நான் சேர்த்தது. எழுப்பட்டுமா என்று நான்தான் கேட்டேன். வாயில் செருகிய சுவாசக் குழாயோடு அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.