மறைத்து வைத்த கொப்பி

சீனி வருத்தத்துக்கு அரச ஆஸ்பத்திரி, பிறசருக்குத் தனியார் டாக்டர். இரண்டு இடத்தில் மருந்தெடுப்பது தெரிந்தால் ஏசுவார்கள் என்று பயந்து, ஓரிடத்து மருந்துக் கொப்பியை மற்ற இடத்தில் காட்டாமலே திரிந்தேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு.

ஒரு காலை, வாவியில் வலை இழுக்கும்போது தலை சுற்றித் தோணிக்குள் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் என் மனைவி இரண்டு கொப்பிகளையும் தாதியிடம் நீட்டிவிட்டாள்.

"அண்ணன், பிறசர் குளிசை ரெண்டு கொப்பியிலயும் இருக்கே! ரெண்டையுமா போட்டீங்க?"

"ஓம் மிஸ். இங்கயும் பிறசர் பார்த்துக் குளிசை தந்தாங்க. ஏசுவீங்க எண்டு மற்றக் கொப்பிய மறைச்சிட்டன்."

அவர் ஏசவில்லை. வார்டு டாக்டரைக் கூப்பிட்டார். அவரையும் தனியார் டாக்டரையும் போனில் பேச வைத்து, ஒரே கொப்பியில் மருந்தெழுதச் செய்தார்.

இப்போது கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "வேற கொப்பியும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பேன். சிலர் வெட்கத்தோடு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பையைத் திறக்கும்வரை விடமாட்டேன்.