அடியில் கிடந்த மூன்று ஷீட்

என் குட்டியானை லோடு வண்டியின் பாடி ஏழடி சொச்சம். பிளைவுட் பலகை எட்டடி. மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கொஞ்ச நீளத்தைக் கட்டத் தெரிந்ததால்தான் இத்தனை வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது. பின்கதவை இறக்கிவிட்டு, கயிற்றைக் குறுக்கே இழுத்து முறுக்கி, நுனியில் சிவப்புத் துணி முடிந்து, திருவண்ணாமலையில் நான் பலகையோடு நுழையாத சந்து கிடையாது.

பிளைவுட் சாது. ஏற்றினால் ஏற்றிய இடத்தில் படுத்துக் கிடக்கும். கூரைக்குப் போடுகிற கலர் ஷீட் அப்படியில்லை. அடியில் துளி காற்று புகுந்தால் போதும், எழுந்து ஆட ஆரம்பித்துவிடும். ஓரமோ கையை அறுக்கும். அதனால் கலர் ஷீட்டை அடியில் போட்டு, கனமானதை மேலே ஏற்றுவேன். கடைசியாக இறங்க வேண்டியதும் அடியில்தான் இருக்கும். யார் வீட்டுக்கு, எதற்கு என்று கேட்கிற வழக்கம் எனக்கில்லை. கேட்டால் கதை சொல்வார்கள். கதை கேட்டுக்கொண்டு நின்றால் அடுத்த லோடு வேறொருவனுக்குப் போய்விடும்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. என் மனைவி செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு வீட்டு வாசலிலேயே இட்லியும் சுக்குக் காபியும் போட்டு ஒரு கடை வைக்கிறேன் என்றாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருகிற கூட்டம் போதும், மற்ற நாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. நாலு சவுக்குக் கம்பு நட்டாகிவிட்டது. அடுப்பு வந்துவிட்டது. மேலே போட மூன்று ஷீட் மட்டும்தான் பாக்கி. பத்தடி நீளம், நீல நிறம். நிறத்தை அவளே கடைக்கு வந்து பொறுக்கினாள்.

திங்கட்கிழமை அந்த மூன்றையும் வண்டியில் ஏற்றினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இறக்கச் சொன்னாள். "தரையில கெடந்தா நெளிஞ்சிடும். பொருத்தற அன்னிக்கு இறக்கிக்கலாம்" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவை அடியில் கிடந்தது எனக்கு வசதியாக இருந்தது. பத்தடி ஷீட்டின் மேல் எட்டடிப் பலகையைப் போட்டால் நுனி தொங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை கீழ்பென்னாத்தூருக்கு ஒரு லோடு, புதன்கிழமை ஊருக்குள்ளேயே மூன்று லோடு. எல்லாம் அவளுடைய ஷீட்டின் மேல் படுத்துத்தான் போயின.

"எனக்கு முன்னாடி என் ஷீட்டு கிரிவலம் சுத்திட்டு வருது" என்று புதன் இரவு சாப்பாடு போடும்போது சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை காலையில் சிரிக்கவில்லை. "இன்னைக்கே மேல போட்டுடுங்க. மதியத்துலேர்ந்து கூட்டம் வந்துடும்" என்றாள்.

காலண்டரில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில்தான் முழு நிலா போட்டிருந்தது. அதைக் காட்டி, "பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல கீறேன். எனக்கே பௌர்ணமி சொல்லித் தர்றியா?" என்றேன். நிலாவுக்குக் கீழே பொடி எழுத்தில் திதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று அச்சடித்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவார்கள். உள்ளூர்க்காரன் படத்தைப் பார்ப்பதோடு சரி. அவள் மாவு கரைக்கப் போய்விட்டாள்.

எனக்குச் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் பலகை இறக்க வேண்டியிருந்தது. அறைகளைத் தடுப்பதற்கான பலகை. அவசரம், இன்றைக்கே வேண்டும் என்றார்கள். மாடிப்படி குறுகல் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு பலகையாக நிமிர்த்தி, திருப்பி, மூன்றாவது மாடிக்கு ஏற்றி முடித்தபோது மணி நாலாகிவிட்டது. இனி வீட்டுக்குப் போய் அரை மணி நேரத்தில் கூரை போட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஜனம் நடந்துகொண்டிருந்தது, சாலை முழுக்க. திதி மதியமே தொடங்கிவிட்டிருந்தது.

"வண்டி வுட முடியாதுங்க" என்றார் அங்கே நின்ற போலீஸ்காரர்.

"என் வூடே உள்ளதான் சார் கீது."

"அப்ப நடந்து போங்க. எல்லாரும் நடந்துதான போறாங்க?"

காஞ்சி ரோடு பக்கமாகச் சுற்றி வந்தாலும் இதே தடுப்புதான் இருக்கும். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு ஷீட்டுகளைப் பார்த்தபடி நின்றேன். மூன்றையும் சேர்த்துக் கட்டினால் இரண்டு பேர் தூக்கலாம். நான் ஒருவன்தான் இருந்தேன். தூறல் வேறு பிடித்துக்கொண்டது.

நடந்துபோன ஒருவர் நின்று விசாரித்தார். ஐம்பது வயதிருக்கும். மணிலாக்கடலை போடுகிற விவசாயி, தனியாகக் கிரிவலம் வந்தவர். விஷயத்தைச் சொன்னேன். "சும்மா கைய வீசிக்கினு நடக்கறதுக்கு இத புடிச்சிக்கினு நடக்கறேன். அந்தம்மா காத்துக்கினு இருப்பாங்க, வாங்க" என்று துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

முன்னால் நான், பின்னால் அவர், தலைக்கு மேல் மூன்று நீல ஷீட். கொஞ்ச தூரத்தில் தூறல் வலுத்தது. எங்கிருந்தோ மூன்று பெண்கள் எங்களுக்கு நடுவில் புகுந்து, நனையாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். "இது என்னாங்க வேண்டுதல்?" என்று ஒருத்தி கேட்டாள். எரிச்சல் வந்தாலும் பதில் சொல்ல மூச்சில்லை. முக்கால் மணி நேரம் நடந்தோம். காற்று அடித்தபோதெல்லாம் நின்றோம்.

வீட்டை நெருங்கியபோது தூறல் விட்டிருந்தது. வாசலில் பெரிய வரிசை தெரிந்தது. நாலு கம்புக்கு நடுவே, திறந்த வானத்துக்குக் கீழே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். கை ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கட நல்லா ஓடுது போல கீதே" என்றார் பின்னாலிருந்து அவர். எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. கூரை இல்லாமலேயே சமாளித்துவிட்டாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

ஷீட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தேன். டம்ளரை வாங்கியவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்கள். "நல்லா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். ஒருவர்கூட மடியிலோ பையிலோ கை விடவில்லை.

"மேல ஒண்ணும் இல்லாம அண்டாவோட நிக்கறத பாத்து அன்னதானம்னு நெனச்சிட்டாங்க" என்று நிமிராமலேயே சொன்னாள். "மொதல்ல வந்த பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுச்சி. அதுக்கப்புறம் காசு கேக்க வாய் வரல."

இட்லி முடிந்திருந்தது. சுக்குக் காபி அண்டாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. என்னோடு வந்தவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். அவர் இது கடை என்று தெரிந்தவர், காசை எடுத்து நீட்டினார். "இன்னைக்கு தர்மம்தாங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்துவிட்டு மீதிச் சுற்றை நடக்கப் போனார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "டிரில் எட்த்துனு வரேன், மாட்டிடலாம்" என்றேன்.

"எல்லாம் காலியானப்புறம் எதுக்குங்க?" என்று அண்டாவைக் கழுவ எடுத்துப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் கூரையைப் போட்டுக் கொடுத்தேன். கடை நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவளுக்குக் கடையில் மேசை போட இரண்டு பிளைவுட் பலகை வேண்டியிருந்தது. அன்று எனக்கு லோடு இல்லை. வண்டி வாசலில் காலியாக நின்றது, நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் என்னோடு வண்டி போடுகிற இன்னொருவர் பலகையோடு வந்து நின்றார். அவள் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். அவர் என்னையும் என் வண்டியையும் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"இன்னாக்கா இது, அண்ணன் இருக்கும்போது என்னை கூப்ட்டு கீறீங்க?"

"அவருக்கு லோடு ஜாஸ்திங்க" என்றாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து, பலகையின் ஒரு முனையைப் பிடித்து இறக்கினேன்.