ஐந்தாவது ஆள்

அப்போது சிவகாசியில், ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியதைச் சோதிப்பது என் தோழியின் வேலை. விருதுநகர் வத்தல் வியாபாரி வீட்டுப் பெண். தினமும் பஸ்ஸில் வருவாள்.

ஒரு பட்டாசு ஆலைக்கு, எந்த அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பதியும் புரோகிராம் கேட்டிருந்தார்கள். மருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. வேறோர் ஆலையில் என் அம்மா அப்படியோர் அறையில்தான் வேலை பார்த்தாள்.

தோழி ஒரு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கல்லூரியில் ஃபார்மல் மெத்தட்ஸ் படித்திருந்தேன். விதியைக் கணக்குபோல எழுதிக் கொடுத்தால், அதை மீற வழி உண்டா என்று ஒரு கருவி ஒன்றுவிடாமல் தேடும்.

"அப்ப என் டெஸ்டிங் மேல நம்பிக்கை இல்ல?" என்றாள். அன்று மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

இரண்டு நாளில் கருவி ஒரு வழியைக் காட்டியது. இரண்டு வாசல்களில் இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டிலும் 'மூன்று பேர்' என்று தெரியும் நொடியில் அவற்றில் பதிகிற இரண்டு பேரும் ஆளுக்கு ஒருவரை உள்ளே அனுப்பினால்?

அவளைக் கூப்பிட்டேன். "நீ அங்கன உக்காரு. நான் இங்கன. மூணுன்னு காட்டுனதும் அமுக்கு."

ஆறாவது தடவை திரையில் ஐந்து விழுந்தது.

"நான் ஒத்தையா எம்புட்டு நாள் தட்டினாலும் இது வந்திருக்காதுல்ல?" என்றாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "கருவிக்கு நீ எழுதின இந்த எழுத்தெல்லாம் என்னன்னு சொல்லு."

தவறைச் சரிசெய்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாத்தூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல அப்பிடி என்னத்தப் பாக்கீக?"

"ரூமுக்குள்ள அஞ்சாவதா ஆரு வருவான்னு பாக்கோம்மா" என்றாள் தோழி.

"இது ஒரு கேள்வியா தாயி? போர்மேன்தான். நாலு பேரு இருக்கையில அவரும் உள்ள வந்து நின்னுதான எங்கள ஏசுவாரு!"

நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். போர்மேனை நான் விதியில் எழுதவே இல்லை. எழுதாததைக் கருவி எப்படித் தேடும்? அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

திங்கட்கிழமை, போர்மேனுக்கான வரியைத் தானே எழுதுவதாகத் தோழி சொன்னாள். ஒரு குறியைத் தப்பாகப் போட்டாள். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். கருவியோடு சாயங்காலம்வரை சண்டை பிடித்து, வழக்கமான பஸ்ஸையும் விட்டுவிட்டு, கடைசியில் ஜெயித்தாள்.