என்னை இடித்த மூன்று வண்டிகள்

போன மாதம் கனகம்மாசத்திரம் டீக்கடை எதிரே, என் ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து இடித்த வண்டி நிற்காமலே போய்விட்டது. கால் மாவுக்கட்டில். திருத்தணியில் என் ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடக்கிறது. நஷ்டஈடு வந்தால்தான் வாடகை கட்ட முடியும்.

இன்று வக்கீலம்மாவோடு சாட்சி தேடி அதே டீக்கடைக்குப் போனேன்.

"ஆந்திரா லாரிங்க, என் கண்ணால பார்த்தேன்" என்றார் டீ மாஸ்டர்.

"லாரியா? வெள்ளைக் காருங்க" என்றார் பக்கத்தில் கொய்யா விற்கும் அக்கா.

பஞ்சர் கடை பாய் சிரித்தார். "ரெண்டு பேரும் தூங்கினு இருந்தீங்களா? கரும்பு ஏத்திகினு போன டிராக்டரு. நீயே சொல்லு நைனா, எது இடிச்சுது?"

எனக்கு முதுகில் கண் இல்லை என்றேன். இத்தனை வண்டி இடித்தும் பிழைத்திருப்பதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கேஸ் போச்சு என்று நினைத்தால், வக்கீலம்மா முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"கவலைப்படாதீங்க சார். எந்த வண்டின்னே தெரியலன்னா அரசாங்கமே நஷ்டஈடு குடுக்குது. இவங்க மூணு பேரும் ஒத்துப்போகாம இருந்தாலே போதும்."

அன்று அந்தப் பக்கம் வந்த நண்பர்கள் கமெண்டில் சாட்சி சொல்லலாம். பஸ், வேன், மாட்டு வண்டி மூன்றையும் இன்னும் யாரும் சொல்லவில்லை.